கதவைத் தட்டப்போவது யார்?



இந்த மாதம் பயணச் சிறப்பிதழ். கொடைக்கானல் தொடங்கிக் கம்போடியா வரை கட்டுரைகள் வந்து குவிந்தன. எல்லாவற்றையும் திருத்தி, பக்கம் பிரித்து, அச்சுக்கு அனுப்பியாகிவிட்டது. ஒரு கடிதம் மட்டும் மூன்று வாரமாக என் மேசையிலேயே கிடக்கிறது. பதில் எழுத எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், திரும்ப வைத்துவிடுவேன். அந்தப் பதில் நம் எல்லோருக்கும் உதவும் என்பதால் இந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.

கடிதம் எழுதியவர் திருவாரூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தும் இளம் ஆசிரியை. ஆறாம் வகுப்புக்குச் சிந்துவெளிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவாராம். ஒருநாள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, “டீச்சர், நீங்க அங்க போயிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டான். அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. “பணம் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன் ஐயா. பாகிஸ்தானுக்கு நான் போகலாமா? போனால் என்ன ஆகிவிடும்?” என்று கேட்டிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். நான்காம் பக்கத்தின் அடியில், வேறு பேனாவில், வேறு கையெழுத்தில் இரண்டு வரி: “ஐயா, நாங்க சொன்னா இவ கேக்க மாட்டா. நீங்க சொன்னா கேப்பா. இப்படிக்கு அம்மா.”

மகளுக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

மகளே, ஓர் ஆசிரியையை ‘நீ’ என்று எழுதலாமா என்று தயங்கினேன். உன் அம்மா என்னை வீட்டுப் பெரியவராக நினைத்து எழுதியிருப்பதால் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் ஆசையில் ஒரு குற்றமும் இல்லை. மொகஞ்சதாரோவில் கிடைத்த மணிமாலை ஒன்றை 1947 பிரிவினையின்போது மணிகளைப் பிரித்து, ஆளுக்குப் பாதியாக இரண்டு நாடுகளும் எடுத்துக்கொண்டன. அங்கே கிடைத்த நடன மங்கைச் சிலை தில்லி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ‘பூசாரி அரசர்’ என்று நாம் பாடநூலில் பார்க்கும் அந்தத் தாடிக்காரச் சிலை பாகிஸ்தானில் இருக்கிறது. சிந்துவெளி எழுத்தைப் படித்துக்காட்டுவோருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் அறிவித்தது நம் தமிழ்நாட்டு அரசு. அந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தமிழ் ஆசிரியைக்குத் தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் “போனால் என்ன ஆகிவிடும்?” என்று கேட்டிருக்கிறாய். அதற்கு நான் உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூருக்கோ இலங்கைக்கோ போகும்போது நீ ஒரு சுற்றுலாப் பயணி. உன் நாட்டோடு பகை கொண்ட நாட்டின் எல்லையைத் தாண்டும் அந்த நொடியில் உன் பெயரும் ஊரும் பின்னுக்குப் போய்விடுகின்றன. முன்னால் நிற்பது உன் கடவுச்சீட்டு. அங்கே இருக்கும் அதிகாரிக்கு நீ திருவாரூர் டீச்சராகத் தெரிய மாட்டாய், இந்தியாவாகத் தெரிவாய். இரண்டு அரசுகளுக்கும் நடுவே என்ன கணக்கு வழக்கு பாக்கி இருக்கிறதோ, அது உன் தலையில் வந்து இறங்கலாம். அதற்கு நீ தப்பு செய்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. சின்னத் தப்பு செய்திருந்தால் அது மலையாகிவிடும்.

மும்பையைச் சேர்ந்த ஹமீத் அன்சாரியின் கதை உனக்குத் தெரிந்திருக்கும். பொறியியல் படித்த இளைஞர். இணையத்தில் பழகிய ஒரு பாகிஸ்தான் பெண்ணுக்கு விருப்பமில்லாத திருமணம் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டு, அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று துடித்தார். பாகிஸ்தான் விசாவுக்கு முயன்றார், கிடைக்கவில்லை. 2012 நவம்பரில், வேலைக்காக என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காபூலுக்கு விமானம் ஏறினார். ஆப்கானிஸ்தான் வழியாகப் போலி அடையாள அட்டையோடு எல்லையைத் தாண்டிப் பாகிஸ்தானின் கோஹாட் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட வீட்டுக்குத் தெரியாமல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடின. ராணுவக் காவலில் இருக்கிறார் என்று 2016 ஜனவரியில்தான் பெஷாவர் உயர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். அதற்குள் ராணுவ நீதிமன்றம் உளவாளி என்று தீர்ப்பளித்து மூன்று ஆண்டுத் தண்டனையும் கொடுத்திருந்தது. அதுவரை உள்ளே இருந்த காலம் கணக்கில் வரவில்லை. 2018 டிசம்பர் 18-ஆம் தேதி வாகா வழியாக நடந்து வந்து தாய் மண்ணை முத்தமிட்டபோது, போன இளைஞருக்கு ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அவர் சட்டத்தை மீறினார், உண்மைதான். போலி அட்டையோடு எல்லை தாண்டுவது எந்த நாட்டிலும் குற்றம். நட்பு நாடாக இருந்தால் அபராதம் கட்டி, சில மாதங்கள் உள்ளே இருந்து, விமானம் ஏற்றப்பட்டிருப்பார். பகை நாடு என்பதால் அதே குற்றத்துக்கு உளவு என்று பெயர் வந்தது.

இந்தக் கதையில் இன்னொரு பெண் இருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்கு மனம் ஆறாது. லாகூரைச் சேர்ந்த ஜீனத் ஷஹ்சாதி என்ற இளம் பத்திரிகையாளர். ஹமீதின் அம்மா மும்பையில் தவிப்பதை அறிந்து, அவர் சார்பில் பாகிஸ்தானில் மனுக்கள் போட்டு, காணாமல்போன அந்த இந்தியப் பிள்ளையைத் தேடத் தொடங்கினார். 2015 ஆகஸ்டில் லாகூர்த் தெருவில் வைத்து அவரையே ஆயுதம் ஏந்தியவர்கள் கடத்திக்கொண்டு போனார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆளே இல்லை. அந்தத் துயரத்தில் அவருடைய தம்பி உயிரை மாய்த்துக்கொண்டான். 2017 அக்டோபரில்தான் ஆப்கன் எல்லைப் பக்கம் ஜீனத் மீட்கப்பட்டார்.

பகை நாட்டுக்குப் போவதன் ஆபத்து போகிறவரோடு நிற்பதில்லை. உனக்குச் சோறு போட்டவர், வழி காட்டியவர், உனக்காகப் பேசியவர் எல்லோர் வீட்டு வாசலிலும் அது போய் நிற்கும். நீ ஒருநாள் விமானம் ஏறி வந்துவிடுவாய். அவர்கள் அங்கேயே வாழ வேண்டியவர்கள்.

அந்த ஊர் மக்கள் மேல் உனக்குக் கசப்பு வந்துவிடக் கூடாது. வாய் பேசாத, காது கேளாத இந்தியச் சிறுமி ஒருத்தி ரயிலில் வழி தவறி லாகூர் போய்ச் சேர்ந்தாள். கராச்சி ஈதி அறக்கட்டளையில் பில்கீஸ் ஈதி அம்மையார் அவளை வளர்த்தார். அவள் கும்பிடுகிற விதத்தைப் பார்த்து இந்துப் பிள்ளை என்று புரிந்துகொண்டு கீதா என்று பெயர் வைத்தார், அவளுக்கென்று சாமி படங்களோடு ஒரு பூசையறையும் அமைத்துக்கொடுத்தார். 2015 அக்டோபரில் கீதா இந்தியா திரும்பியபோது நம் பிரதமர் அறிவித்த ஒரு கோடி ரூபாய் நன்கொடையை அந்த அறக்கட்டளை நன்றி சொல்லி மறுத்துவிட்டது. ஜீனத்தைப் போலவும் பில்கீஸைப் போலவும் மனிதர்கள் வாழும் நாடு அது. ஆனால் விமான நிலையத்தில் உன் கடவுச்சீட்டை வாங்கிப் பார்ப்பவர் பில்கீஸ் அம்மையார் இல்லையே.

இது இந்தியா பாகிஸ்தானுக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்துவிடாதே.

ஓட்டோ வார்ம்பியர் என்ற 21 வயது அமெரிக்க மாணவர் 2015 கடைசியில், புத்தாண்டைக் கொண்டாட ஐந்து நாள் சுற்றுலாவாக வட கொரியா போனார். ஒளிந்து போகவில்லை, விசாவோடு, குழுவோடு, வழிகாட்டியோடு போனார். 2016 ஜனவரி 2-ஆம் தேதி திரும்பும்போது பியோங்யாங் விமான நிலையத்தில் அவரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். தங்கியிருந்த விடுதியில் ஒரு முழக்கப் பதாகையைத் திருட முயன்றார் என்பது குற்றச்சாட்டு. நான்கு நாள் கழித்து வட கொரியா அணுகுண்டுச் சோதனை நடத்தியது. உலகமே கொதித்தது, தடைகள் வந்தன. அந்தக் கொதிப்புக்கு நடுவே மார்ச் 16-ஆம் தேதி அந்தப் பையனுக்கு 15 ஆண்டு கடுங்காவல் என்று தீர்ப்பு வந்தது. 2017 ஜூனில் நினைவே இல்லாத நிலையில் வீடு திரும்பினார், ஆறாம் நாள் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பர் முதல், சிறப்பு அனுமதி இல்லாமல் அமெரிக்கக் கடவுச்சீட்டில் வட கொரியா போவதையே அமெரிக்கா தடை செய்துவிட்டது.

அமெரிக்காவுக்கு வட கொரியாவில் தூதரகம் கிடையாது. சுவீடன்தான் அமெரிக்கர்களுக்காகப் பேசும். சுவீடன் அதிகாரி ஒருவர் மார்ச் 2-ஆம் தேதி ஓட்டோவைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் யாரையும் பார்க்கவிடவில்லை. அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பது அந்தத் தாய் தகப்பனுக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. கதவைத் தட்ட ஆள் இல்லாத இடம் என்றால் இதுதான்.

இன்னொரு தாயின் கதை. நாஸனீன் ஸகாரி ராட்க்ளிஃப் ஈரானில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்தவர், இரு நாட்டுக் குடியுரிமையும் உள்ளவர். 2016-இல் 22 மாதக் கைக்குழந்தையோடு, நவ்ரோஸ் புத்தாண்டுக்குத் தன் அம்மா அப்பாவைப் பார்க்க டெஹ்ரான் போனார். திரும்பும்போது விமான நிலையத்தில் கைது செய்தார்கள். ஆட்சியைக் கவிழ்க்கச் சதி என்றார்கள், ஐந்து ஆண்டுத் தண்டனை. ஈரான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிறந்த மண்ணில் அவர் ஈரானியர் மட்டும்தான், பிரிட்டன் தூதரகம் குறுக்கே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

உண்மையில் பின்னால் இருந்தது ஒரு பழைய கடன். ஷா மன்னர் காலத்தில் டாங்கிகள் வாங்க ஈரான் பிரிட்டனிடம் பணம் கட்டியிருந்தது. 1979 புரட்சிக்குப் பிறகு டாங்கிகள் போகவில்லை, பணமும் திரும்பவில்லை. சுமார் 40 கோடி பவுண்டு. நடுவில் 2017-இல், பிரிட்டனின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சன், நாஸனீன் அங்கே இதழியல் பயிற்சி கொடுக்கப் போயிருந்தார் என்று நாடாளுமன்றக் குழுவில் தவறாகச் சொல்லிவிட்டார். விடுமுறைக்குப் போன பெண்ணுக்கு எதிராக அந்த வார்த்தையையே ஈரான் எடுத்துக்காட்டியது. கணவர் ரிச்சர்ட், லண்டனில் வெளியுறவு அலுவலகத்துக்கு எதிரே 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 2022 மார்ச் 16-ஆம் தேதி, கடன் தீர்ந்த செய்தியும் நாஸனீன் விமானம் ஏறிய செய்தியும் ஒன்றாக வந்தன. போனபோது தவழ்ந்து நடை பழகிய குழந்தைக்கு அப்போது ஏழு வயது.

டாங்கிக் கடனுக்கும் அந்தக் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. அடகுக் கடையில் வைக்கிற நகைக்கும் வீட்டில் வந்த கஷ்டத்துக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரிதான். கையில் கிடைத்தது எதுவோ அதை அடகு வைக்கிறார்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம் வாசகர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 1979-இல் இலங்கையில் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் ஊரைவிட்டுப் போய், இன்று கனடாவிலும் பிரிட்டனிலும் வாழும் ஈழத்து உறவுகளுக்கு இந்தப் பயம் புதிதல்ல. அவர்களுக்கு நான் பாடம் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பிறந்த நாட்டின் ஆட்சியோடு உரசல் இருந்தால், புதிய கடவுச்சீட்டு உங்களைக் காக்கும் என்று நம்பி மட்டும் பயணம் போடக் கூடாது.

சட்டம் ஒன்றும் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கை, 36-ஆம் பிரிவு. வெளிநாட்டில் கைதாகிறவர் கேட்டால், அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி வந்து பார்க்கலாம், வழக்கறிஞர் ஏற்பாடு செய்யலாம். உளவாளி என்று பாகிஸ்தான் பிடித்துவைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் அந்த நாடு இந்தப் பிரிவை மீறியது என்று சர்வதேச நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் 2008-இல் தனியாக ஓர் ஒப்பந்தமும் போட்டிருக்கின்றன. அதன்படி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1-ஆம் தேதியும் ஜூலை 1-ஆம் தேதியும் தங்கள் சிறைகளில் உள்ள மற்ற நாட்டவரின் பட்டியலை இரண்டும் கைமாற்றிக்கொள்கின்றன. அதில் பெரும்பாலும் கடலில் கோடு தெரியாமல் தாண்டிய மீனவர்களின் பெயர்கள்தான். பட்டியலில் பெயர் வருவதே பெரிய விஷயம் என்று சிறைப்பட்டவர்களின் வீட்டார் சொல்வார்கள். பெயர் வந்துவிட்டால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

சட்டம் கதவைத் தட்டும் உரிமையைக் கொடுக்கிறது. உள்ளே இருப்பவர் திறப்பார் என்று சொல்லவில்லை.

கதவே மூடிக்கொள்ளும் நாளும் உண்டு. 2025 ஏப்ரல் 22-ஆம் தேதி காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதத் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் அட்டாரி எல்லைச் சாவடி மூடப்பட்டது. இந்தியா பாகிஸ்தானியருக்குக் கொடுத்த விசாக்களை ரத்து செய்தது, அவர்களும் பதிலுக்கு அதுபோன்ற நடவடிக்கை எடுத்தார்கள். பிறந்த வீட்டுக்கு வந்திருந்த பெண்கள், கலியாணத்துக்கு வந்தவர்கள், சிகிச்சைக்கு வந்த குழந்தைகள், எல்லோரும் மூட்டை முடிச்சோடு சாவடிக்கு ஓடினார்கள். அம்மாவின் கையில் இந்தியக் கடவுச்சீட்டு, பிள்ளைகளின் கையில் பாகிஸ்தான் கடவுச்சீட்டு. பிள்ளைகள் போகலாம், அம்மா போகக் கூடாது. அவர்களில் யாரும் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. வந்திருந்த நேரம் அப்படி.

ஆகவே, மகளே, இப்போது நீ போக முடியாது. எல்லாம் சரியாக இருந்த காலத்திலும்கூட இந்தியருக்கு அங்கே நாடு முழுதும் சுற்ற விசா கிடையாது. எந்தெந்த ஊர் என்று பெயர் குறித்துத்தான் கொடுப்பார்கள். உறவினரைப் பார்க்கப் போகிறவருக்கு 2012 ஒப்பந்தத்தின்படி ஐந்து ஊர்கள். போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும், கிளம்பும்போதும் சொல்லிவிட்டு வர வேண்டும். இங்கே வரும் பாகிஸ்தானியருக்கும் இதே கட்டுப்பாடுகள்தான். சிந்து மாகாணத்தில் லர்கானாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மொகஞ்சதாரோவைப் பார்க்க ஒரு தனிப் பயணிக்கு அனுமதி வாங்குவது நல்ல காலத்திலும் குதிரைக் கொம்பு.

ஆனாலும் காலம் மாறும். எல்லை என்றைக்கும் மூடியே இருந்ததில்லை. உனக்கோ, இன்னொரு பகை நாட்டுக்குக் கிளம்பும் வேறு வாசகருக்கோ, அந்த நாள் வரும்போது பயன்படட்டும் என்று சில வார்த்தைகள்.

முன்வாசல் வழியாக மட்டும் போங்கள். விசாவில் எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அந்த ஊர், எந்தக் காரணம் எழுதியிருக்கிறதோ அந்தக் காரணம். “அவங்க எல்லாம் பார்க்க மாட்டாங்க” என்று சொல்லும் தரகரை அங்கேயே விட்டுவிட்டு நகருங்கள். மாட்டிக்கொண்டால் தரகர் வர மாட்டார்.

வீட்டில் மறைக்காதீர்கள். ஹமீதின் பெற்றோர் மகன் காபூலில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கே தேடத் தொடங்குவது என்று தெரியாததாலேயே நாட்கள் வீணாயின. பயணத் திட்டம், தங்கும் இடம், விசாவின் நகல், தூதரகத் தொலைபேசி எண் எல்லாம் வீட்டில் ஒருவர் கையில் இருக்கட்டும். தினம் எத்தனை மணிக்குப் பேசுவேன், பேசாவிட்டால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அங்கே நம் தூதரகம் செயல்படுகிறதா, எந்த நிலையில் செயல்படுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, போவதற்கு முன்பே பெயரைப் பதிந்துவையுங்கள். சிக்கலில் மாட்டிய இந்தியருக்காக வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளம் 2015 முதல் இருக்கிறது. குடும்பத்தாருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

பையைக் கட்டும்போது பகைவரின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். 2022 பிப்ரவரியில், உக்ரைன் போருக்கு ஒரு வாரம் முன்பு, அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். பையில் இருந்தது ஒரு கிராமுக்கும் குறைவான கஞ்சா எண்ணெய். ஒன்பது ஆண்டுத் தண்டனை. தன் சிறையில் இருந்த ரஷ்ய ஆயுத வியாபாரி விக்டர் பூட்டை விடுவித்துத்தான் அமெரிக்கா அவரை மீட்டது. நம் ஊர் மருந்துக் கடையில் சீட்டுக் காட்டி வாங்கும் மாத்திரை இன்னொரு நாட்டில் தடை செய்யப்பட்டதாக இருக்கலாம். பாலம், ரயில் நிலையம், ராணுவக் குடியிருப்பு, விமான நிலையம் எதையும் படம் எடுக்கக் கூடாது. கைப்பேசியில் இருக்கும் பழைய பதிவுகளும் சாட்சியாகும். நம் நாட்டிலும் செயற்கைக்கோள் தொலைபேசியோடு வந்து இறங்கிய வெளிநாட்டுப் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள். விதி தெரியாது என்பதை எந்த நாடும் காரணமாக ஏற்காது.

நேரம் பாருங்கள். ராகுகாலத்தைச் சொல்லவில்லை, செய்தியைச் சொல்கிறேன். எல்லையில் பதற்றம், தேர்தல் நெருக்கம், தூதரை வெளியேற்றினார்கள் என்று செய்தி வந்தால் டிக்கெட் பணம் போனால் போகட்டும். பயணக் காப்பீடு எடுத்திருந்தால், போருக்கும் கைதுக்கும் அது பொருந்துமா என்று சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். பெரும்பாலும் பொருந்தாது.

பிடிபட்டால், புரியாத மொழியில் நீட்டும் காகிதத்தில் முடிந்தவரை கையெழுத்துப் போடாதீர்கள். கோபப்படாமல், அழாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள்: என் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

திரும்பி வந்த பிறகு, உங்களுக்குத் தேநீர் கொடுத்தவரின் பெயரையும் முகத்தையும் படம் போட்டு ஊருக்குக் காட்டாதீர்கள். ஜீனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கொடுத்த அன்புக்கு நாம் செய்யும் கைம்மாறு சில நேரம் மௌனமாக இருப்பதுதான்.

அம்மா, இப்போது உங்களிடம் ஒரு வார்த்தை. நீங்கள் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் மகளின் ஆசையைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். கரும்பலகையில் வரைந்த குளத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று துடிக்கும் டீச்சர் கிடைத்த பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் சொல்லாமல் போய்விடுவார்கள். சொல்லாமல் போவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. அவள் உங்களிடம் காட்டிவிட்டுத்தான் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுங்கள்.

மகளே, ஒரு யோசனை. இந்தக் கோடை விடுமுறைக்கு முன்பே, வெயில் ஏறுவதற்குள், குஜராத்தின் கட்ச் பகுதியில் தோலாவீராவுக்குப் போய் வா. அதுவும் சிந்துவெளி நகரம்தான். பாறையைக் குடைந்தும் கல்லால் கட்டியும் அமைத்த பெரிய பெரிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. கோட்டை வாசலில் பத்து எழுத்துகள் கொண்ட பலகை ஒன்று கிடைத்தது அங்கேதான். 2021-இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அப்படியே தில்லிக்கும் ஒரு நடை போய், நடன மங்கையையும் பார்த்துவிடு. ஒரு சாண் உயரம்கூட இருக்க மாட்டாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. கடைசி பெஞ்சுப் பையன் மறுபடி கேட்டால், “பாதி பார்த்துவிட்டேன்டா, மீதிப் பாதிக்குக் காத்திருக்கிறேன்” என்று சொல். அந்தப் பதிலே அவனுக்கு ஒரு வரலாற்றுப் பாடம்.

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எடுத்து எடுத்து வைத்தபோது என் மனதில் ஓடியது ஒரே கேள்வி. ஹமீதுக்காக முதலில் கதவைத் தட்டியது எந்த அரசு? எந்த அரசும் இல்லை, அவருடைய அம்மா ஃபௌசியா. நாஸனீனுக்காகச் சாப்பிடாமல் தெருவில் உட்கார்ந்தது அவருடைய கணவர். அரசுகளும் நீதிமன்றங்களும் உடன்படிக்கைகளும் பிறகுதான் வந்தன, அதுவும் இவர்கள் தட்டித் தட்டிக் கை வலித்த பிறகு.

உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரியை, வேறு பேனாவில் எழுதியதை, நான் பலமுறை படித்தேன். நீ இன்னும் எங்கும் கிளம்பவில்லை. அதற்குள் உன் அம்மா உனக்காக ஒரு கதவைத் தட்டிவிட்டார். அது என் வீட்டுக் கதவு. அதனால்தான் திறந்து, இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்